வாங்கினவங்க சொல்லலாம்

துபாய் கராமாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே அடுப்படி. ஓர் ஐப்பசியில் பஞ்சவர்ணம் கந்த சஷ்டி விரதம் இருந்தாள். ஆறு நாளும் பாலும் பழமும்தான். அடுத்த அறைக்காரர்களிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாடகையில் பாதி கொடுக்கிறவர்களிடம் போய் இதைச் சமைக்காதே, அதைச் சமைக்காதே என்று எந்த வாயால் சொல்வது? கவுச்சி வாடை வந்தால் முருகா என்று மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

வாடையே வரவில்லை. பக்கத்து அறைப் பெண் பானுப்பிரியாவுக்கு முட்டை இல்லாமல் சோறு இறங்காது. அவளுடைய சின்ன இரும்புச் சட்டி அந்த வாரம் முழுக்கக் கவிழ்த்தபடியே கிடந்தது. பரீட்சை நேரம், பிள்ளைக்குச் சமைக்க ஒழியவில்லை போலிருக்கிறது என்று பஞ்சவர்ணம் நினைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் குப்பை கொட்டக் கிளம்பினாள். லிப்ட் ஓடவில்லை, அதனால் படியிறங்கிப் போனாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பானு உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம், கையில் கீழ்க்கடையில் வாங்கிய முட்டை சாண்ட்விச். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஏ புள்ள, இங்க என்ன பண்ற?"

"காத்து நல்லா வருது அத்தை. அதான்."

அந்தப் படிக்கட்டுக்கு ஜன்னலே கிடையாது.

பஞ்சவர்ணம் இப்போது தோஹாவில் இருக்கிறாள். கணவர் பாண்டித்துரைக்கு லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. (லிப்ட்காரர் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் ஓடாததைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கராமாவில் இல்லை.) கம்பெனி அவரைத் தோஹா தொழில்பேட்டைக் கிளைக்கு மாற்றிவிட்டது. இங்கே அவளுக்குத் தனி அடுப்படி, நினைத்த நேரத்தில் நினைத்ததைச் சமைக்கலாம். இருந்தும் சில காலைகளில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு, பக்கத்து அடுப்புக்காரி வருகிறாளா என்று திரும்பிப் பார்த்துவிடுகிறாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

பானு பரமக்குடிப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடம் சேர்கிற வயசில் வந்தவள். அப்பா சேதுபதிக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் டயர் கோடவுனில் ஸ்டோர் கீப்பர் வேலை. இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கே பீஸ் கட்டி மாளாது என்று அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அப்பாவும் மகளுமாக அந்த ஓர் அறையில் இருந்தார்கள். சேதுபதியைப் பஞ்சவர்ணம் அண்ணே என்று கூப்பிட்டதால் பானுவுக்கு அவள் அத்தை ஆனாள். மற்றபடி உறவு ஒன்றும் கிடையாது. ஒரே ஜில்லா, அவ்வளவுதான்.

பன்னிரண்டாவதில் பானுவுக்கு நல்ல மார்க். ஆனால் பெரிய பல்கலைக்கழகத்தின் பீஸைக் கேட்டதும் சேதுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதனால் ஷார்ஜாவில் ஓர் இரண்டு வருஷக் கல்லூரியில் சேர்ந்தாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்த பஞ்சவர்ணத்துக்கு இந்த விவகாரம் பிடிபடவில்லை.

"ரெண்டு வருஷம் படிச்சு என்னத்தா ஆகும்? பாதிப் படிப்புல்ல அது?"

"பாதிதான் அத்தை. இங்க படிச்சதக் கணக்குல எடுத்துக்கிட்டு, பெரிய யுனிவர்சிட்டியில மூணாம் வருஷத்துல சேத்துக்குவாங்க. பீஸும் அவங்களே பாத்துக்குவாங்க, நம்மளப் புடிச்சிருந்தா."

"அட, பஸ்ஸுல எறங்கி மெட்ரோவுல ஏறுற மாதிரியா? கார்டு ஒண்ணுதான்?"

"அதே தான்! ஆனா மெட்ரோவுல எடம் இருக்கணும். கதவுகிட்ட ஊரே நிக்குது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் மெட்ரோ ஏறுவது. பாண்டித்துரை வேலையிலிருந்து வந்ததும், "என்ன மருமவளே, கதவு தொறந்துச்சா?" என்பார். "இன்னும் பஸ்ஸுலதான் மாமா, அதுவும் நின்னுக்கிட்டு" என்பாள் அவள்.

விளையாட்டாகப் பேசினாலும் விஷயம் விளையாட்டில்லை. சேதுபதிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கோடையோடு போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர் விசா முடிந்தால், அதில் ஒட்டியிருக்கும் மகளின் விசாவும் முடியும். பெரிய பல்கலைக்கழகம் இடம் கொடுத்தால் அதுவே விசாவும் ஹாஸ்டலும் கொடுக்கும். கொடுக்காவிட்டால் அப்பாவோடு பரமக்குடிக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அங்கே இந்த இரண்டு வருஷத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். முதலாண்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் மாப்பிள்ளை பேச்சு வேறு வந்துவிடும். ஒரு வரன் ஏற்கெனவே போனில் வந்து போயிற்று.

கல்லூரியில் மாணவர்களுக்கு வழி சொல்வதற்கென்றே ஷம்சியா என்று ஒரு மேடம் இருந்தார். கீழக்கரைக்காரர். சேர்ந்த முதல் வாரமே பானுவைக் கூப்பிட்டு, பெரிய பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலை முன்னால் வைத்து, அவர்கள் எதை ஏற்பார்களோ அதை மட்டும் எடு, சுலபமாக இருக்கிறதென்று கண்டதை எடுக்காதே என்று சொல்லிவிட்டார். கடைசி பெஞ்சில் உட்காராதே என்றார். பேராசிரியர்கள் மாணவர்களைப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் அவர்கள் அறைக்குப் போய்ப் பேசு என்றார்.

இந்தக் கடைசி விஷயம்தான் பானுவுக்கு வரவில்லை. வாத்தியார் அறைக்கு மாணவி போனால் ஏதோ தப்புச் செய்திருக்கிறாள், இல்லையென்றால் மார்க் பிச்சை கேட்கப் போகிறாள் என்றுதானே நம் ஆட்களுக்கு நினைப்பு?

"வெறுங்கையோட எப்படிப் போறது?" என்று பஞ்சவர்ணமும் சேர்ந்துகொண்டாள். அரிசி ஊறவைத்து, பாகு காய்ச்சி, ஒரு டப்பா நிறைய அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. உள்ளே ஒரே ஓர் அதிரசம் குறைந்திருந்தது.

"என்னாச்சு? எண்ணெ அதிகமா?"

"அந்தப் புரொபசர் சிரிச்சுட்டாங்க அத்தை. எனக்குச் சிபாரிசு லெட்டர் எழுதப் போறவங்க என்கிட்ட ஒண்ணும் வாங்கக் கூடாதாம். ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டு, அடுத்த வாரம் சந்தேகம் எதாச்சும் கொண்டு வா, பலகாரம் வேண்டாம்னுட்டாங்க."

"சந்தேகத்தையா? அதை எந்த டப்பாவுல போடுறது?" என்றார் பாண்டித்துரை. மிச்ச அதிரசத்தை அவர்தான் தீர்த்துவைத்தார்.

அப்புறம் பானு வாரம் தவறாமல் போனாள். மார்க்கும் நன்றாக வந்தது. முதல் வருஷ முடிவிலேயே ஒரு தடவை மனுப்போட்டுப் பார்த்தாள். இடம் இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை. வெங்காயம் நறுக்கினாள். அரைக் கிலோ போதும் என்ற இடத்தில் இரண்டு கிலோவும் நறுக்கித் தள்ளிவிட்டாள். பஞ்சவர்ணம் ஒரு வாரம் வெங்காயக் குழம்பாகவே வைத்தாள்.

சில நாள் கழித்து ஷம்சியா மேடமே கராமா வீட்டுக்கு வந்துவிட்டார். வரவேற்பறை என்று அந்த வீட்டில் ஒன்று கிடையாது. அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"இவளைத் திட்டத்தான் வந்தேன்" என்றார். "மார்க்கு எல்லாரும்தான் வச்சிருப்பாங்க. நீ எப்படிப்பட்ட ஆளுன்னு அவங்களுக்குத் தெரியணும். காலேஜுக்கு வெளிய என்ன செய்யறேன்னு ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. இவ என்ன எழுதினா தெரியுமா? ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கா!"

"ஒண்ணுமில்லையா?" பஞ்சவர்ணத்தின் வாய் முந்திக்கொண்டது. "அப்ப ஞாயித்துக்கெழமையானா இந்தப் புள்ள எங்க போகுதாம்?"

"அத்தை!"

வார்த்தை விழுந்துவிட்டது, இனி அள்ள முடியாது. ஷம்சியா மேடம் டீயைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். தமிழைத் தவிர வேறு பேச்சு தெரியாத எத்தனையோ பேர் இந்த நாட்டில் கட்டட வேலைக்கும் கராஜ் வேலைக்கும் வந்திருக்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. பானு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்களோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், அவர்கள் சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை அவர்களுக்கும் சொல்லிவிட்டு வருவாள். ஒருவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர் என்று போன் வந்துகொண்டே இருக்கும். "படிக்கிற புள்ளைக்கு இது தேவையா?" என்று சேதுபதி முனகுவார். ஆனால் பஸ் கார்டில் காசு போட்டு வைப்பதும் அவர்தான்.

"இதைவிட என்னம்மா வேணும்?" என்றார் ஷம்சியா மேடம். "நீ படிக்கப் போறதே பொதுச் சுகாதாரம். இதை எழுதாம வேற எதை எழுதுவே?"

"எழுத மாட்டேன் மேடம். எழுதினா சீட்டுக்காகச் செஞ்ச மாதிரி ஆயிடும்."

"யாரு சொன்னா அப்படி?"

பானு பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள்.

சொன்னது பஞ்சவர்ணம்தான். எப்போதோ தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள்: செய்த நல்லதை நம் வாயால் சொன்னால் அப்போதே கூலி வாங்கிவிட்டோம் என்று அர்த்தம், அப்புறம் சாமியிடம் அது இருக்காது என்று. அவள் அம்மா அப்படித்தான் இருந்தாள், அவளும் அப்படித்தான் இருக்கிறாள். அந்தச் சொல்லைப் பிள்ளை இத்தனை பத்திரமாக எடுத்து வைத்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

"எங்க மார்க்கத்துலயும் மறைச்சுக் குடுக்கறதுதான் மேல்னு சொல்லுவாங்க" என்றார் ஷம்சியா மேடம், கொஞ்சம் இறங்கிய குரலில். "ஆனா சீட்டுக் குடுக்கற கமிட்டியில இருக்கறவங்க மனுசங்கதானே? மறைச்சதை அவங்க எப்படிப் பாப்பாங்க? இந்த வருஷம் ஒரு தடவைதான் மிச்சம். யோசிச்சுக்க."

பானு யோசிப்பதாகவே தெரியவில்லை. பஞ்சவர்ணத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை. சொன்ன சொல் தப்பென்று அவளால் நினைக்க முடியவில்லை. சரியான சொல் ஒரு பிள்ளையின் வழியை அடைக்குமா என்றால், அதையும் நம்ப முடியவில்லை. அடுப்படி அலமாரியில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் நின்று, "நீயே சொல்லு, எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போனாள்.

அந்தக் கிருத்திகைக்குப் பாண்டித்துரையும் அவளும் கோயிலுக்குப் போனார்கள். நல்ல கூட்டம். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற ஒரு பெண், யாரும் கேட்காமலேயே பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். குழந்தை இல்லாமல் இருந்ததாம், முருகன் கொடுத்தானாம், இதோ இடுப்பில் இருக்கிறானாம். பின்னால் ஒருவர், வேலை போய் மூன்று மாசம் ரூமில் கிடந்தேன், அவன்தான் பார்த்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஞ்சவர்ணம் நிமிர்ந்து சந்நிதியைப் பார்த்தாள். முருகன் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தான்.

அவன் எதற்குப் பேச வேண்டும்? கொடுத்தவன் சும்மாதான் இருக்கிறான். வாங்கினவர்கள்தானே பாட்டாகவும் காவடியாகவும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்? அது பாவமா என்ன? சொல்லாமல் இருந்தால்தானே பாவம்?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பானுவைப் பிடித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எழுதவும் வேணாம். வாங்கினவங்க சொல்லலாம்ல?"

பானு ரொம்ப நேரம் பாத்திரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "அது அவங்க இஷ்டம் அத்தை. நான் யாரையும் கேக்க மாட்டேன்" என்றாள்.

"உன்ன யாரு கேக்கச் சொன்னா?"

ஷம்சியா மேடத்துக்குப் போன் போட்டாள். வெளியாள் ஒருவர் சாட்சி சொல்லிக் கடிதம் அனுப்ப வழி உண்டு என்றார் அவர். அதை மாணவி படிக்க மாட்டாள், நேரே பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும். "தமிழ்ல சொல்லட்டும். சொன்னதை அப்படியே நான் இங்கிலீஷ்ல எழுதறேன், ஒரு சொல்லு கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்றார்.

யார் சொல்வது? பாண்டித்துரைக்கு உடனே ஞாபகம் வந்தது மீராசா. தேவிபட்டினத்துக்காரர், பானு முதன்முதலில் டாக்டரிடம் பேசிக்கொடுத்த ஆள். இப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் இருந்தார். அடுத்த விடுமுறை நாளில் மேடத்தையும் சேர்த்து மூன்று பேருமாகப் போனார்கள். மீராசா கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பழைய கார் சீட்டை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"எழுதிக்கிருங்கம்மா. அந்தப் புள்ள மனுசியே இல்ல. தங்கம். வைரம். ஒலகத்துலயே..."

"பாய், பாய்" என்று ஷம்சியா மேடம் கையைக் காட்டினார். "தங்கம் வைரமெல்லாம் அவங்களுக்கு வேணாம். என்ன நடந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

"அதச் சொன்னா எனக்கு அசிங்கமாப் போயிருமே."

"மீராசாண்ணே" என்றாள் பஞ்சவர்ணம், "ஒங்க அசிங்கத்தப் பாத்தா அந்தப் புள்ள ஊருக்குப் போயிரும்."

மீராசா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

அப்போது அவர் கட்டட வேலையில் இருந்தார். வெயிலில் மயங்கி விழுந்ததால் ஃபோர்மன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து பக்கத்திலேயே நின்றான். டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஃபோர்மனே, வெறும் வெயில்தான், நாளைக்குச் சரியாகிவிடும் என்று பதில் சொன்னான். அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்காக வரிசையில் நின்ற பானு அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் முடித்திருந்த சமயம். நேரே ஃபோர்மனிடம் வந்து, "பாய், இவருக்குக் குடிக்க எதாச்சும் குடுக்கணுமாம், கீழ கடையில ஜூஸ் வாங்கிட்டு வரீங்களா?" என்று இந்தியில் கேட்டாள். அவன் போனதும், திரும்பி, தமிழில், "அண்ணே, அந்த ஆளு போயாச்சு. இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"அவ்வளவுதாம்மா. எனக்கு அழுகை வந்துருச்சு. ரொம்ப நாளா மூத்திரத்துல ரத்தம் போய்க்கிட்டு இருந்துச்சு. சொன்னா ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு மறைச்சு வச்சிருந்தேன். அவகிட்டச் சொன்னேன். டாக்டருகிட்டச் சொன்னா. அன்னைக்கே படுக்க வச்சுட்டாங்க. டாக்டரு அப்பறமாச் சொன்னாரு, இன்னுங் கொஞ்ச நாளு விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்னு." நட்டைக் கீழே வைத்தார். "நான் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லுறேன்னதுக்கு, சொல்லாதீங்க, நம்பரு மட்டும் குடுங்கன்னுச்சு. அத எழுதிக்கிருங்க."

ஷம்சியா மேடம் எழுதினார். கராஜில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணத்துக்குக் கண் கரித்தது. இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் நின்றும் அந்த ஜூஸ் கதை அவளுக்குத் தெரியாது.

கடிதம் போயிற்று. பானு தன் பங்குக்கு, நோயாளி ஏன் உண்மையை மறைக்கிறான் என்பதைப் பற்றித்தான் படிக்க விரும்புகிறேன் என்று எழுதி அனுப்பினாள். தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. மேடம் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு, "சரி, இது இப்படியே இருக்கட்டும்" என்றார்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்த பானு செருப்பைக் கழற்றாமலேயே அடுப்படிக்கு வந்தாள்.

"வாயே தொறக்காத நோயாளிகிட்ட எப்படிப் பேசுவேன்னு கேட்டாங்க அத்தை."

"நீ என்ன சொன்ன?"

"பக்கத்துல நிக்கிறது யாருன்னு மொதல்ல பாப்பேன்னு சொன்னேன்." பஞ்சவர்ணத்தின் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பஞ்சவர்ணம் குனிந்து கடுகைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தபோது சேதுபதியின் பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. பஞ்சவர்ணம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பானு போனைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், அப்படியே குளிர்பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன புள்ள? சொல்லித் தொலை!"

"கதவு தொறந்துருச்சு அத்தை."

பஞ்சவர்ணம் புளிக்கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த சேதுபதி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஹாஸ்டல், பீஸ், விசா எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே ஒரு பாடத்தை மட்டும் கணக்கில் எடுக்க மாட்டார்களாம்.

"எந்தப் பாடம்?"

"போட்டோ எடுக்கற பாடம். மேடம் வேணாம்னு சொல்லியும் ஆசைக்கு எடுத்தேன்ல, அது."

"பரவால்ல விடு" என்றார் பாண்டித்துரை. "எங்க ரெண்டு பேரையும் நல்லா ஒரு போட்டோ எடுத்துக் குடு, அது போதும்." அந்தப் படம்தான் இன்றைக்கும் தோஹா வீட்டுச் சுவரில் இருக்கிறது. பாண்டித்துரை அதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

சேதுபதி ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனார். அடுத்த வாரம் பானு கிளம்பினாள். மீராசா கராஜ் பிக்-அப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பெட்டி, ஒரு புத்தக மூட்டை, அந்தச் சின்ன இரும்புச் சட்டி. லிப்ட் அன்றைக்குப் பார்த்து ஓடியது. கட்டடத்து வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் விபூதியை எடுத்துப் பானுவின் நெற்றியில் இட்டாள். கோயில் வரிசையில் தனக்குத் தோன்றியதை, கராஜில் உட்கார்ந்திருந்ததை எல்லாம் இப்போது ஒரு தடவை சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிக்கொண்டாள். பிள்ளைக்குச் சொன்ன சொல் தனக்கும்தானே?

"நல்லாப் படி. நேரத்துக்குச் சாப்புடு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்த வருஷமே தோஹா மாற்றல் வந்துவிட்டது. பானுவின் குரலைப் போனில் கேட்பதோடு சரி. நேரில் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி. அவள் சொன்னது பஞ்சவர்ணத்துக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியவள், மீராசா கிளப்பப் போகும் நேரம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"ஞாயித்துக்கெழமை யாராச்சும் என்னத் தேடி வந்தா, பானு போயிட்டான்னு சொல்லிராதீங்க அத்தை. எங்க இருக்கான்னு சொல்லுங்க."